எந்தச் செபப் புத்தகம் வாங்கலாம், அத்தை?



போன வாரம் மஸ்கட்டிலிருந்து தம்பி மகள் பேசினாள். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, "அத்தை, தினமும் வீட்டுல செபம் சொல்ல ஒரு நல்ல புத்தகம் வேணும். ஊருலேருந்து வர்றவங்ககிட்ட கொடுத்து விடுங்க. எதை வாங்கலாம்?" என்று கேட்டாள்.

கோவில் வாசல் கடையில் எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன, எதையாவது வாங்கி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. மாமனார் இறந்த பின் மாமியார் இவளோடு வந்து இருக்கிறார். மாலையில் செபமாலை தொடங்கினால், மாமியார் சொல்வது பழைய செபம், இவள் சொல்வது புதிய செபம். முதல் பாதியை ஒருவர் சொல்லி மறு பாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வது நம் வழக்கம். அந்தச் சேருமிடத்தில் இருவர் வார்த்தையும் முட்டிக்கொள்கின்றன. பிள்ளைகள் இரண்டிலும் சேராமல் சிரிக்கிறார்கள். "நான் சொல்றது சரியா, அவங்க சொல்றது சரியா அத்தை? நீங்க டீச்சர், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

37 ஆண்டுகள் சிவப்பு மையால் சரி, தப்பு என்று போட்டுக்கொண்டே இருந்தவள் நான். ஆனால் இந்தக் கேள்விக்கு வாய் திறக்க முடியவில்லை. "எழுதி அனுப்புறேன் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நம் கையிலிருக்கும் இந்தச் சின்னப் புத்தகம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். என் மாணவர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்களே அதிகம். அவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

தினசரி செபம் என்பது தொடக்கத்தில் துறவிகளின் முறை. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் தம் மடத்துக்கு ஓர் ஒழுங்கு எழுதினார். விவிலியத்தில் உள்ள 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் பாடி முடிக்க வேண்டும். அதற்காக இரவிலும் பகலிலுமாக நேரங்களைப் பிரித்து வைத்தார். இதிலிருந்து வளர்ந்ததுதான் குருக்களும் கன்னியரும் இன்றும் சொல்லும் நேரச் செபம்.

ஆனால் வயலில் நிற்பவனுக்கும் அடுப்படியில் நிற்பவளுக்கும் அத்தனை நேரம் ஏது? படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. அதனால் 150 திருப்பாடல்களுக்குப் பதிலாக மனப்பாடமான ஒரு சிறு செபத்தை 150 முறை எண்ணிச் சொன்னார்கள். விரல் விட்டு எண்ண முடியாததால் மணி கோத்தார்கள். நம் செபமாலை வளர்ந்த வழிகளில் இதுவும் ஒன்று. அதை மாதாவின் திருப்பாடல் நூல் என்றே ஐரோப்பாவில் அழைத்தார்கள். 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்களைச் சேர்க்கும் வரை 150 என்ற அந்தக் கணக்கு மாறவில்லை.

படிக்கத் தெரிந்த வசதியான குடும்பங்களுக்கு இன்னொரு வழி கிடைத்தது. 13-ஆம் நூற்றாண்டு முதல், துறவிகளின் நேரச் செபத்தைச் சுருக்கி, மாதாவுக்கான செபங்களை வைத்து, கையில் அடங்கும் புத்தகமாக எழுதிக்கொண்டார்கள். அவற்றில் பலவற்றைப் பெண்கள் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் எழுத்துக் கற்றதும் அதில்தான். வெற்றிடங்களில் வீட்டுப் பிறப்பு இறப்புகளையும் குறித்து வைத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம்.

1535-37 ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, மக்களுக்குத் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது தெரிந்திருந்தது. அதற்கு மேல் அதிகம் தெரியவில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544-இல் எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரித்திருக்கிறார். தாம் இல்லாதபோது சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை வைத்தார். பின்னாளைய நம் உபதேசியார்களின் முன்னோடிகள் அவர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அந்த முதல் தமிழாக்கத்தில் பிழை இருந்தது. நம்பிக்கை அறிக்கையில் "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில் "வேணும்" என்ற சொல் புகுந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேண்டும் என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சவேரியாருக்கு இது பின்னர்தான் தெரிந்தது. உடன் உழைத்த பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, அந்தச் சொல்லை மாற்றிக் கற்பிக்கச் சொன்னார். ஒரு புனிதரே தம் பாடத்தைத் திருத்திக்கொண்டார் என்பதை ஆசிரியர்கள் நாம் கவனிக்க வேண்டும். அதுவரை "வேணும்" என்று சொன்ன மக்களின் செபம் வீணாகவா போயிருக்கும்? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இது வாய்வழிப் பாடம். இனி அச்சு. 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபங்கள் அடங்கிய சிறு நூல் ஒன்று அச்சானது. நமக்குத் தெரிந்தவரை அச்சேறிய முதல் தமிழ் நூல் அதுதான். தமிழ் எழுத்துக்கு அச்சு இல்லாததால் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போட்டு, மேலே சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருள் கொடுத்திருந்தார்கள். அதை உருவாக்கியவர்கள் வின்சென்தே த நாசரேத், ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குருஸ் என்ற மூன்று தமிழர்கள்.

தமிழ் எழுத்திலேயே நூல் வர இன்னும் 24 ஆண்டுகள் ஆயின. இந்தக் கடற்கரையில் தங்கித் தமிழ் கற்று, இலக்கணமும் எழுதிய அண்டிரிக் அடிகளார் 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்ற நூலை அச்சிட்டார். மொத்தம் 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் "கிரிசித்தியானி வணக்கம்" வந்தது. இந்திய மொழி எழுத்துகளில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் முதலாவது, அந்த 16 பக்கப் புத்தகம். அதை அரசனுக்காகவோ புலவருக்காகவோ அச்சிடவில்லை. கடலுக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் சொல்ல வேண்டிய செபத்துக்காக அச்சிட்டார்கள். வகுப்பில் அச்சுக்கலை வரலாறு நடத்தும்போது இதை நான் அழுத்திச் சொல்வேன். நினைவிருக்கிறவர்கள் கை தூக்குங்கள்!

அந்த நூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் நிறைய இருந்தன. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, தம் காலத்துப் படித்தவர்கள் மதித்த வடசொற்களை எடுத்துக்கொண்டார். சர்வேசுரன், ஞானஸ்நானம், பூசை என்ற சொற்களெல்லாம் நம் வீடுகளுக்கு வந்த வழி அது. திருப்பலியைக் குறிக்க முன்னே வழங்கிய போர்த்துக்கீசியச் சொல் தமிழர் காதில் "மீசை" என்று விழுந்ததால்தான் பூசை என்று மாற்றினார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எல்லாம் மாறிவிடவும் இல்லை. தூய ஆவியைக் குறிக்கும் "இஸ்பிரீத்து சாந்து" என்ற போர்த்துக்கீசியச் சொல் என் சிறு வயது வரை எங்கள் ஊரில் எல்லார் வாயிலும் இருந்தது.

இந்தச் சொற்களைக் காப்பாற்றியது யார் தெரியுமா? குருக்கள் இருந்த காலத்தில் குருக்கள். இல்லாத காலத்தில் வீட்டுப் பெரியவர்கள். 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தார்கள். 1687-இல் புனித யோசேப் வாஸ் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார் என்பார்கள். அதைப் பார்த்து எந்த வீட்டில் முகம் மாறுகிறதோ, அது கத்தோலிக்க வீடு. ஏறத்தாழ 30 ஆண்டுகள் குரு இல்லாமல் செபம் உயிரோடு இருந்தது என்றால், அது வீட்டில் சொல்லப்பட்டதால்தான். நம் பக்கத்திலும் 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டு, 1838-இல் அவர்கள் மீண்டும் மதுரைப் பகுதிக்கு வரும் வரை குருக்கள் மிகவும் குறைவு. அப்போதும் உபதேசியார்களும் வீட்டுப் பெண்களும்தான் செபத்தை விடாமல் வைத்திருந்தார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான திருவழிபாட்டு ஏடு, தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. நேரச் செபத்தைப் பொதுநிலையினரும் சொல்லலாம் என்று ஊக்கமும் கொடுத்தது. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட புதிய அமைப்பில், ஒரு வாரத்துக்குள் சொல்லி வந்த திருப்பாடல்களை நான்கு வாரத்துக்குப் பரப்பினார்கள். தமிழில் அதைத் "திருப்புகழ்மாலை" என்கிறோம். வீட்டுச் செபங்களும் மெல்ல மெல்ல மாறின. சர்வேசுரன் இறைவன் ஆனார். பிரியதத்தம் அருள் ஆனது. பரமண்டலம் விண்ணுலகம் ஆனது. அர்ச்சியசிஷ்டவர் புனிதர் ஆனார். சேசு இயேசு ஆனார். நல்ல தமிழ், எளிய தமிழ். எனக்கு அதில் மகிழ்ச்சிதான், இன்றும்.

அந்த மகிழ்ச்சியில் நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

1978. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது புதிய செபப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் மாலைச் செபத்தை நடத்துவது அம்மாச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. கோவில் மணி அடித்ததும் திரிகால செபம், பிறகு செபமாலை, பிறகு மாதா பிரார்த்தனை, எல்லாம் மனப்பாடம். கடைசியில், கடலுக்குப் போனவர்களுக்காக ஒரு நீண்ட மன்றாட்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு காற்றையும் பெயர் சொல்லி, ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு புனிதரைக் காவலுக்குக் கூப்பிடுவார். பிறகு வள்ளத்தில் போயிருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்வார். அது முடியும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

அன்று செபமாலையின் நடுவில் நான் குறுக்கிட்டேன். "அம்மாச்சி, பிரியதத்தம்னு இப்ப கிடையாது, அருள்னு சொல்லணும். இஸ்பிரீத்து சாந்து தமிழே இல்லை" என்றேன். சித்தி, மாமா, பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். வகுப்பில் மாதிரிப் பாடம் நடத்தி நல்ல பேர் வாங்கிய கர்வம் எனக்கு.

அம்மாச்சி கோபப்படவில்லை. "நீ படிச்சவ. நீயே சொல்லும்மா" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன். அவர் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. விடுமுறை முடிந்து நான் போன பிறகும் அம்மா புத்தகத்தைப் பார்த்தே நடத்தினாள். அம்மாச்சி மறுபடி ஒருநாளும் சத்தமாகச் செபம் சொல்லவில்லை. 1983-இல் இறந்து போனார்.

அவர் போன பிறகுதான் அந்தக் காற்றுச் செபம் நினைவுக்கு வந்தது. யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த செபப் புத்தகங்களிலெல்லாம் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. வாடைக்கு அந்தோனியார், கொண்டலுக்கு சவேரியார் என்பது வரை நினைவிருக்கிறது. கச்சானுக்கும் சோழகத்துக்கும் யாரைக் கூப்பிட்டார் என்பது போய்விட்டது.

சவேரியாரின் கடிதத்தைப் பற்றி வெகுகாலம் கழித்துப் படித்தபோது அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது. அவர் திருத்தியது உண்மையான பிழையை. அதையும் கற்பிக்கிறவருக்குத்தான் எழுதினார். நான் திருத்தியது பிழையே இல்லை, பழைய சொல். அதையும் வீட்டார் எல்லார் முன்னிலையிலும், எனக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவரிடமே செய்தேன்.

ஆகவே, என் தம்பி மகளுக்கும் இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்கும் என் பதில் இது.

முதலில் சின்னப் புத்தகம் வாங்கு. காலை, இரவுச் செபம், மூவேளைச் செபம், செபமாலை, மாதா மன்றாட்டுமாலை, திருப்பலிக்கு முன்னும் பின்னும் சொல்லும் செபங்கள் இருந்தால் போதும். 16 பக்கத்தில் தொடங்கிய மரபு நம்முடையது. தலையணை போன்ற புத்தகம் அலமாரிக்குத்தான் போகும்.

முன்பக்கத்தைத் திருப்பி ஆயரின் அனுமதி இருக்கிறதா என்று பார். செபப் புத்தகங்களுக்கு அது வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 826-ஆம் விதி சொல்கிறது. இத்தனை நாள் சொன்னால் இது நிச்சயம் கிடைக்கும் என்று பயமுறுத்தியும் ஆசை காட்டியும் அச்சிடும் துண்டுப் பிரசுரங்களை விட்டுவிடு. ஒளியின் மறைபொருள்கள் இல்லையென்றால் அது 2002-க்கு முந்திய பதிப்பாக இருக்கலாம். எழுத்து உன் மாமியார் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கட்டும்.

ஓராண்டு இது நின்று பிடித்த பிறகு, விருப்பமிருந்தால் திருப்புகழ்மாலை வாங்கு. காலையும் மாலையும் மட்டும் சொல். நாடா வைத்துப் பக்கம் திருப்பப் பழக இரண்டு வாரம் ஆகும். தெரிந்த சிஸ்டர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் சுலபம்.

பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்று வருத்தப்பட்டாய். 1554-இல் லிஸ்பனில் செய்ததையே நீயும் செய். ஒரு நோட்டில் தமிழ்ச் செபத்தை ஆங்கில எழுத்தில் எழுதி, மேலே பொருளை எழுதிக் கொடு. வாய் பழகட்டும். எழுத்தை விடுமுறையில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

சரி யார், தப்பு யார் என்ற கேள்விக்கு வருகிறேன். நீ சொல்வது சரி. கோவிலில் எல்லாரும் சொல்வது அதுதான். பிள்ளைகள் அதைத்தான் கற்க வேண்டும். உன் மாமியார் சொல்வதும் சரி. வாரத்தில் சில நாள் அவரை நடத்தச் சொல். அன்று நீங்கள் எல்லாரும் அவர் வார்த்தையில் பதில் சொல்லுங்கள். மற்ற நாள் அவர் உங்களோடு சேர்வார். சேராவிட்டாலும் திருத்தாதே. பிள்ளைகள் சிரித்தால், சர்வேசுரன் என்றால் என்ன என்று அவரையே கேட்கச் சொல். ஒரு கதையாவது கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. புத்தகத்தின் பின்னால் வெற்றுத் தாள் இருக்கும், இல்லையென்றால் ஒட்டிக்கொள். உன் மாமியார் தன் பாட்டுக்குச் சொல்லும் செபம் ஏதாவது நிச்சயம் இருக்கும். அதை அவர் சொல்லச் சொல்ல எழுதிவிடு, அவர் உச்சரிப்பிலேயே. 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மாதா மன்றாட்டுமாலையில் புலம்பெயர்ந்தோருக்கு ஆறுதலானவர் என்ற பொருளில் ஒரு பெயரைச் சேர்த்தார். உன்னைப் போல் ஊரை விட்டுப் போனவர்களுக்காக இத்தனை நூற்றாண்டு கழித்தும் ஒரு வரி சேர்கிறது என்றால், உன் வீட்டுப் பெரியவரின் நாலு வரிக்கு உன் புத்தகத்தில் இடமில்லையா?

புத்தகம் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் வருகிறவரிடம் கொடுத்து விடுகிறேன். பின்னால் நாலு தாள் நானே ஒட்டியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் கடற்கரைச் சொந்தங்களே, மாணவர்களே, உங்கள் வீட்டில் 80 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நாலு காற்றுக்கும் நாலு புனிதரைக் கூப்பிடும் அந்தச் செபம் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, டீச்சர் திருத்த மாட்டேன்.

இறைவன் உங்கள் அனைவரையும் காப்பாராக.